வரைவுக்கும் இறுதிக்கும் நடுவில்: அரசு கருத்துக் கேட்பதை எப்படி எடைபோடுவது?

"வரைவு விதிகள் வெளியீடு, பொதுமக்கள் 30 நாட்களுக்குள் கருத்து தெரிவிக்கலாம்" என்ற செய்தி அடிக்கடி கண்ணில் படுகிறது. தரவுப் பாதுகாப்பு, சுற்றுச்சூழல், மின்கட்டணம், தொலைத்தொடர்பு என்று துறை மட்டும் மாறும். பிறகு ஒரு நாள் இறுதி விதிகள் வந்துவிடும். இடையில் யார் என்ன சொன்னார்கள், சொன்னதில் எது ஏற்கப்பட்டது, எது எதற்காகத் தள்ளப்பட்டது என்பதெல்லாம் பெரும்பாலும் செய்தியாவதே இல்லை. அதனால் ஆட்கள் இரண்டில் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். "எல்லாம் கண்துடைப்பு" என்பார்கள் சிலர். "அதான் கேட்டாங்களே, அப்போ எங்கே போனீங்க?" என்பார்கள் மற்றவர்கள். இரண்டுமே ஆவணத்தைத் திறந்து பார்க்காமல் சொல்கிற முடிவு. ஒரு கருத்துக் கேட்பு எந்த அளவுக்கு உண்மையாக நடந்தது என்பதை ஓரளவு துல்லியமாகவே கண்டுபிடிக்க முடியும். அதற்கு அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

சட்டம் ஒன்று, விதிகள் நூறு

நாடாளுமன்றமோ சட்டமன்றமோ நிறைவேற்றுவது சட்டம். எல்லா விவரத்தையும் சட்டத்திலேயே எழுதிவிட முடியாது. "இதற்கான நடைமுறையை ஒன்றிய அரசு விதிகளின் மூலம் வகுக்கலாம்" என்று ஒரு பிரிவை வைத்துவிடுவார்கள். அந்த அதிகாரத்தை வைத்து அமைச்சகம் எழுதுவது விதிகள். டிராய் (தொலைத்தொடர்பு), செபி (பங்குச் சந்தை), மின்சார ஒழுங்குமுறை ஆணையம் போன்றவை எழுதுவது ஒழுங்குமுறைகள். அரசிதழில் வரும் பல அறிவிக்கைகளும் இந்த வகைதான். எல்லாவற்றுக்கும் சேர்த்து சார்நிலைச் சட்டம் என்று பெயர்.

நம் அன்றாடத்தைத் தொடுவது பெரும்பாலும் இந்தச் சார்நிலைச் சட்டம்தான். சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம், 1986 மொத்தமே 26 பிரிவுகள் கொண்டது. ஒரு அனல்மின் நிலையத்துக்கோ சுரங்கத்துக்கோ முன்னனுமதி எப்படி வாங்க வேண்டும், ஊர் மக்களிடம் எப்போது கேட்க வேண்டும் என்பது அதில் இல்லை. அந்த முழு ஏற்பாடும் 2006 செப்டம்பர் 14 தேதியிட்ட ஓர் அறிவிக்கையில் இருக்கிறது. அதை எந்த உறுப்பினரும் அவையில் நின்று விவாதித்து வாக்களிக்கவில்லை. விதிகளை நாடாளுமன்றத்தின் மேசையில் வைக்க வேண்டும் என்பது நடைமுறை. வைத்த விதிகளை எடுத்து விவாதிப்பது அபூர்வம்.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் விவாதிக்காத ஒன்றை அதிகாரிகள் எழுதுகிறார்கள் என்றால், பாதிக்கப்படப் போகிறவர்களிடமாவது முன்கூட்டிக் கேட்க வேண்டும். கருத்துக் கேட்பின் நியாயம் இதிலிருந்து வருகிறது. வரைவுகளைப் பற்றிப் பேசும்போது இதை ஏதோ அரசு செய்யும் சலுகைபோல எழுதுவது தவறு.

கேட்பது கட்டாயமா?

மூன்று அடுக்குகள் இருக்கின்றன.

1. மூலச் சட்டமே சொல்லியிருந்தால் கட்டாயம். "முன்கூட்டி வெளியிட்ட பின்" விதி செய்ய வேண்டும் என்று ஒரு சட்டம் சொன்னால், பொதுக் கூறுகள் சட்டம், 1897-இன் 23-ஆம் பிரிவு நடைமுறைக்கு வரும். வரைவை வெளியிட வேண்டும், தேதி குறிப்பிட வேண்டும், வந்த ஆட்சேபணைகளைப் பரிசீலிக்க வேண்டும். மின்சாரச் சட்டம், 2003-இன் 64-ஆம் பிரிவு, பொதுமக்களின் ஆலோசனைகளையும் ஆட்சேபணைகளையும் பரிசீலித்த பிறகே கட்டண ஆணை பிறப்பிக்கச் சொல்கிறது. டிராய் சட்டத்தின் 11(4) வெளிப்படைத்தன்மையைக் கடமையாக்குகிறது. சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகளின் 5(3) ஆட்சேபணைக்கு 60 நாள் தருகிறது.

2. சட்டம் சொல்லாவிட்டால் கொள்கை இருக்கிறது. 2014 பிப்ரவரியில் ஒன்றிய சட்ட அமைச்சகம் எல்லாத் துறைகளுக்கும் அனுப்பிய முன்சட்டக் கலந்தாய்வுக் கொள்கை அது. வரைவுச் சட்டங்களுக்கும் சார்நிலைச் சட்டங்களுக்கும் பொருந்தும். குறைந்தது 30 நாள் பொதுவெளியில் வைக்க வேண்டும். எளிய மொழியில் விளக்கக் குறிப்பு வேண்டும். செலவு, சுற்றுச்சூழல், அடிப்படை உரிமைகள், வாழ்வாதாரம் ஆகியவற்றின் மீதான விளைவைச் சொல்ல வேண்டும். வந்த கருத்துகளின் சுருக்கத்தை இணையதளத்தில் போட வேண்டும். படிக்க அருமையான கொள்கை. ஆனால் சட்ட பலம் இல்லை. "இயலாது அல்லது விரும்பத்தக்கதல்ல" என்று துறை கருதினால் காரணத்தைப் பதிந்துவிட்டுத் தவிர்த்துவிடலாம்.

3. இரண்டும் கைகொடுக்காவிட்டால் ஒன்றும் இல்லை. விதி இயற்றுவது சட்டமியற்றும் இயல்புள்ள வேலை என்பதால், "என்னைக் கேட்காமல் செய்தது இயற்கை நீதிக்கு எதிரானது" என்ற வாதம் நம் நீதிமன்றங்களில் பொதுவாக எடுபடாது.

முதல் அடுக்கிலும் ஒரு வில்லங்கம் உண்டு. அதே 23-ஆம் பிரிவின் கடைசி உட்பிரிவைப் படியுங்கள். முன்கூட்டி வெளியிட்டுச் செய்ததாகச் சொல்லப்படும் விதி அரசிதழில் வந்துவிட்டால், அது முறைப்படி செய்யப்பட்டது என்பதற்கு அந்த வெளியீடே முடிவான சான்று என்கிறது. கேட்கச் சொன்ன சட்டமே, கேட்டதற்கான ஆதாரத்தைத் தோண்டுவதைக் கடினமாக்கி வைத்திருக்கிறது. 1897-இல் எழுதிய வாசகம். குடிமக்களுக்கு விளக்கம் சொல்லும் எண்ணம் காலனிய அரசுக்கு இருந்திருக்க நியாயமில்லை.

இரண்டு வகைக் கேட்புகள்

செய்திகளில் மிகவும் குழம்புவது இங்கேதான். விதியைப் பற்றிய கருத்துக் கேட்பு வேறு. ஒரு குறிப்பிட்ட திட்டத்துக்காக மாவட்டத்தில் நடக்கும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வேறு. முதலாவதில் வரைவு அரசிதழிலும் இணையத்திலும் வரும், நாடு முழுக்க யாரும் எழுதலாம். இரண்டாவது, திட்டம் வரும் இடத்துக்குப் பக்கத்தில், பந்தல் போட்டு, ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை தாங்கி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்துவது.

இரண்டும் ஒன்றையொன்று தொடும். முதல் வகைக் கேட்பில் எழுதப்படும் விதிதான் இரண்டாவது வகைக் கூட்டம் நடக்குமா நடக்காதா என்பதை முடிவுசெய்கிறது. 2025 செப்டம்பரில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணை (நடைமுறையைத் தெளிவுபடுத்தத் துறைக்குள் எழுதும் குறிப்பு) வெளியிட்டது. அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் ஆகியவற்றின் சுரங்கத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்றது அது. தமிழகக் கடலோரத்தில் அணுக் கனிமங்கள் கலந்த தாது மணல் இருப்பதால் இங்கே உடனே எதிர்ப்பு வந்தது. முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மக்களைக் கேட்கத் தேவையில்லை என்ற முடிவே வரைவாக வராமல் நேரடியாகக் குறிப்பாணையாக வந்தது என்பதுதான் அதில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது.

மின்கட்டண விசாரணையை மூன்றாவது வகை என்றே சொல்லலாம். 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கோவை, மதுரை, சென்னை ஆகிய மூன்று ஊர்களில் கருத்துக் கேட்டது. சிறு தொழில் சங்கத்தினர், விசைத்தறி உரிமையாளர்கள், வீட்டு நுகர்வோர் எல்லாம் வந்து பேசினார்கள். செப்டம்பர் 10 முதல் புதிய கட்டணம் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆணையிலேயே, அடுத்தடுத்த ஆண்டுகளில் ஜூலை மாதம் விலைவாசிக் குறியீட்டை ஒட்டிக் கட்டணம் தானாகக் கூடும் ஏற்பாடும் இருந்தது. ஒரு முறை நடந்த விசாரணையின் கணக்கில் பல ஆண்டு உயர்வுகள் அடங்கிவிட்டன. 2024 ஜூலையில் 4.83 விழுக்காடு கூடியபோது "யாரைக் கேட்டு ஏற்றினார்கள்?" என்று கேட்டவர்களுக்கான பதில் 2022 ஆணைக்குள் இருந்தது. விசாரணைக்குப் போகிறவர்கள் முதல் ஆண்டுக் கட்டண அட்டவணையை மட்டும் பார்த்துப் பேசினால் இப்படித்தான் கோட்டை விடுவோம்.

எடைபோட உதவும் கேள்விகள்

உலக அளவில் இதற்கான அளவுகோல்கள் இருக்கின்றன. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் மேம்பாட்டு அமைப்பு தன் உறுப்பு நாடுகளை முறைமை, தொடர்ந்து கடைப்பிடித்தல், வெளிப்படைத்தன்மை, மேற்பார்வை என்ற நான்கு தலைப்புகளில் மதிப்பிட்டு எண் போடுகிறது. இந்தியா அதில் உறுப்பினர் அல்ல. அந்த எண்கள் பெரும்பாலும் ஏற்பாடுகள் எப்படி இருக்கின்றன என்பதைக் காட்டும். ஒரு குறிப்பிட்ட வரைவில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள அவை அவ்வளவாக உதவாது.

அதற்கு, பிரிட்டனில் 1985-இல் லண்டனின் பிரெண்ட் நகரமன்றத்துக்கு எதிரான ஒரு வழக்கில் ஏற்கப்பட்ட நான்கு சோதனைகள் கச்சிதமாக இருக்கின்றன. பள்ளிகளை மூடுவது பற்றிய வழக்கு அது. முடிவு இன்னும் உருவாகும் கட்டத்தில் கேட்டார்களா, பதில் சொல்லப் போதுமான விவரம் தந்தார்களா, போதுமான நேரம் தந்தார்களா, வந்ததை மனம் வைத்துப் பரிசீலித்தார்களா? நம் நிலைமைக்கு இன்னொன்றைச் சேர்க்கலாம்: யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

1. எப்போது கேட்டார்கள்? டிராயின் வழக்கம் இதில் நல்ல முன்மாதிரி. முதலில் கேள்விகளோடு ஒரு கலந்தாய்வுத் தாள் வரும். கருத்துகள் வரும், அவற்றை இணையத்தில் போடுவார்கள். அப்புறம், ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் மறுப்பு எழுத அவகாசம் இருக்கும். பிறகு நேரடிக் கலந்துரையாடல். கடைசியில், விளக்கக் குறிப்போடு ஒழுங்குமுறை வரும். அமைச்சகங்கள் பெரும்பாலும் இந்தக் கட்டங்களைத் தாண்டி நேரே வரைவு விதிகளோடு வருகின்றன. வாசகம் தயாராகிவிட்ட பிறகு அடிப்படைக் கேள்வியைக் கேட்டால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை; காற்புள்ளி, அரைப்புள்ளி அளவில்தான் மாற்றம் நடக்கும்.

2. என்ன தந்தார்கள்? இந்த விதி ஏன் தேவை, வேறு வழிகள் ஏன் ஒத்துவரவில்லை, யாருக்கு எவ்வளவு செலவு என்ற மூன்றும் வரைவோடு வந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் முதலாவது மட்டும் ஒரு பத்தியில் இருக்கும்.

3. எவ்வளவு நேரம், எந்த மொழியில்? இதற்கு 2020-இன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையை விடத் தெளிவான உதாரணம் கிடையாது. 2006 அறிவிக்கைக்குப் பதிலாக வரவிருந்தது அது. மாவட்டக் கூட்டங்களுக்கு முன் மக்களுக்குத் தரும் அவகாசத்தை 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறைக்கும் யோசனையும் அதில் இருந்தது. மார்ச்சில் தயாராகி, ஏப்ரல் 11-ஆம் தேதி, ஊரடங்கின் நடுவே, அரசிதழில் வந்தது. 60 நாள் கெடு ஜூன் 10-இல் முடியும். மே 8-இல் அமைச்சகம் கால நீட்டிப்பு அறிவித்தபோது மேலும் 60 நாள் என்றும் சொன்னது, ஜூன் 30 வரை என்றும் சொன்னது. இரண்டும் கூட்டிப் பார்த்தால் ஒத்துவரவில்லை. இந்தக் குழப்பத்தைப் பிடித்துக்கொண்டு டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று கெடுவை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது. அதே உத்தரவில், அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வரைவை மொழிபெயர்த்து வெளியிடச் சொன்னது.

வரைவு இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் இருந்தது. அலுவல் மொழிகள் சட்டம், 1963-இன்படி அது போதும் என்றது அமைச்சகம்; உத்தரவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. சட்டப்படி அந்த வாதத்தில் அர்த்தம் இருக்கலாம். ஆனால் எண்ணூரிலோ கூடங்குளத்திலோ இருக்கும் மீனவர் ஒருவரிடம் அவருக்குத் தெரியாத மொழியில் பக்கம் பக்கமாக நீட்டிவிட்டு "ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள்" என்பதைக் கேட்பு என்று எப்படிச் சொல்வது? தமிழ்நாட்டில் அந்த வரைவைப் பற்றிய விவாதம் சூடுபிடித்ததே, தன்னார்வலர்கள் அதைத் தமிழில் விளக்கிக் காணொளிகளும் குறிப்புகளும் போட ஆரம்பித்த பிறகுதான். அரசு செய்திருக்க வேண்டிய வேலை. லட்சக்கணக்கான கருத்துகள் குவிந்தன. அந்த வரைவு அப்படியே இறுதியாக்கப்படவில்லை.

4. யாருக்குப் போய்ச் சேர்ந்தது? ஒரு பெரிய நிறுவனத்தில் அரசிதழைத் தினமும் பார்ப்பதற்கென்றே ஆள் இருப்பார். வெளியே வழக்கறிஞர் நிறுவனம் இருக்கும், மேலே தொழில் கூட்டமைப்பு இருக்கும். தெருவோர வியாபாரிக்கோ கூலித் தொழிலாளிக்கோ யாரும் இல்லை. அதனால் "அனைவருக்கும் பொதுவாகத் திறந்திருந்தது" என்பது மட்டும் போதாது. இயல்பாக வராதவர்களைத் தேடிப் போனார்களா என்று கேட்க வேண்டும்.

5. வந்ததை என்ன செய்தார்கள்? இதுதான் எல்லாவற்றிலும் கனமான கேள்வி. அதற்குப் போகும் முன் எண்ணிக்கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

லட்சம் மின்னஞ்சல் வந்தால் லட்சம் வாக்கா?

2015 டிசம்பரில் டிராய், பார்க்கும் தளத்தைப் பொறுத்து இணையத் தரவுக்கு வெவ்வேறு கட்டணம் வைக்கலாமா என்று ஒரு கலந்தாய்வுத் தாள் வெளியிட்டது. நான்கே கேள்விகள். அதற்குள் ஃபேஸ்புக், சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் தன் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டத்தை ஆதரித்து, ஒரு பொத்தானை அழுத்தினால் டிராய்க்கு மின்னஞ்சல் போகும்படி ஏற்பாடு செய்தது. வந்த சுமார் 24 லட்சம் கருத்துகளில் 18 லட்சத்துக்கும் மேற்பட்டவை இந்த ஆதரவு வகை. டிராய் கேட்ட நான்கு கேள்விகளை அவை தொடவே இல்லை. ஆழமான கலந்தாய்வைத் தலை எண்ணும் கருத்துக் கணிப்பாக மாற்றிவிட்டதாக டிராய் அந்த நிறுவனத்துக்குக் கடுமையாகவே எழுதியது. 2016 பிப்ரவரி 8 அன்று வந்த ஒழுங்குமுறை பாரபட்சமான தரவுக் கட்டணத்தைத் தடைசெய்தது. எண்ணிக்கைப்படி பார்த்தால் சிறுபான்மையின் பக்கம் நின்ற முடிவு. காரணம் எழுதி நின்ற முடிவு.

அமெரிக்காவில் இன்னும் மோசமாக நடந்தது. 2017-இல், எல்லா இணையத் தரவையும் சமமாக நடத்தச் சொல்லும் இணையச் சமநிலை விதிகளை நீக்குவது பற்றி அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையத்துக்கு 2.2 கோடிக்கும் மேல் கருத்துகள் வந்தன. அவற்றில் ஏறத்தாழ 1.8 கோடி போலி என்று நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் 2021-இல் அறிவித்தது. 85 லட்சம், இணைய இணைப்பு தரும் நிறுவனங்களின் பணத்தில் நடந்த பிரசாரம். 77 லட்சம், 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் தனியாக உருவாக்கியவை.

போலி இல்லாவிட்டாலும் எண்ணிக்கை சாயும். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றும் பழக்கத்தை விட்டுவிடலாமா என்று 2018-இல் ஐரோப்பிய ஆணையம் கேட்டபோது 46 லட்சம் பேர் பதில் சொன்னார்கள். 84 விழுக்காடு 'விட்டுவிடலாம்' என்றது. பதில் சொன்னவர்களில் சுமார் 30 லட்சம் பேர் ஜெர்மனி என்ற ஒரே நாட்டுக்காரர்கள். ஐரோப்பா இன்னும் கடிகாரத்தை மாற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆகவே "இத்தனை ஆயிரம் கருத்துகள் வந்தன, அனைத்தும் பரிசீலிக்கப்பட்டன" என்று ஓர் அமைச்சகம் சொன்னால் அதிலிருந்து தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. எதிர்த் தரப்பு "இத்தனை லட்சம் பேர் எதிர்த்தும் கேட்கவில்லை" என்று சொன்னாலும் அதே நிலைதான். புதிய உண்மை ஒன்றைச் சொல்லும் ஒரே ஒரு கடிதம் லட்சம் நகல் கடிதங்களை விடக் கனமாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும்.

ஒரு ரூபாய் வழக்கு

சரி, வந்ததைப் பரிசீலித்தார்களா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? இறுதி அறிவிக்கையின் முகப்பைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்த வாக்கியம் இருக்கும்: வரைவு இந்தத் தேதியில் வெளியிடப்பட்டது, இந்தத் தேதிக்குள் ஆட்சேபணை கோரப்பட்டது, பெறப்பட்ட ஆட்சேபணைகளும் ஆலோசனைகளும் முறையாகப் பரிசீலிக்கப்பட்டன. அவ்வளவுதான். என்ன ஆட்சேபணை, என்ன பரிசீலனை என்று ஒரு சொல் இருக்காது.

இந்த ஒரு வரி எவ்வளவு தாங்கும் என்பதை உச்ச நீதிமன்றம் ஒரு சுவாரசியமான வழக்கில் சோதித்தது. 2015 அக்டோபரில் டிராய் ஓர் ஒழுங்குமுறை கொண்டுவந்தது. கைப்பேசி அழைப்பு பாதியில் துண்டித்தால், அழைத்தவருக்கு நிறுவனம் ஒரு ரூபாய் தர வேண்டும், நாளொன்றுக்கு அதிகபட்சம் மூன்று ரூபாய். மக்களுக்குப் பிடித்த விதி. கலந்தாய்வுத் தாள், கருத்துகள், விளக்கக் குறிப்பு என்று சடங்குகள் எல்லாம் நடந்திருந்தன. நிறுவனங்கள் வழக்குப் போட்டன. டெல்லி உயர் நீதிமன்றம் விதியை ஏற்றது.

2016 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நீதிபதி ரோகிண்டன் நரிமன் எழுதிய தீர்ப்பு அது. டிராயின் தர விதிகளே மாதச் சராசரியில் 2 விழுக்காடு வரை அழைப்புத் துண்டிப்பை அனுமதித்தன. அந்த வரம்புக்குள் இருக்கும் நிறுவனத்துக்கும் அபராதம் எப்படி? ஒழுங்குமுறைக்குப் பின் சில வாரங்களில் டிராயே வெளியிட்ட தொழில்நுட்பத் தாளில், துண்டிப்புகளில் சராசரியாக 36.9 விழுக்காடு வாடிக்கையாளர் தரப்புக் காரணங்களால் நிகழலாம் என்று இருந்தது. அப்படியிருக்க எல்லாப் பழியும் நிறுவனத்துக்கே எப்படி? கலந்தாய்வில் நிறுவனங்கள் முன்வைத்த வாதங்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஏன் ஏற்கவில்லை என்று டிராய் பதில் சொல்லவில்லை என்பதும் தீர்ப்பில் முக்கியமான குறை.

தீர்ப்பின் கடைசிப் பகுதி இந்தக் கட்டுரைக்கு இன்னும் நெருக்கமானது. சார்நிலைச் சட்டங்கள் அனைத்தும், சில விதிவிலக்குகள் தவிர, தொடர்புடையோரைக் கலந்தாலோசித்து, அவர்கள் சொன்னதை ஏற்பதற்கோ மறுப்பதற்கோ காரணம் சொல்லும் விளக்கக் குறிப்போடு வருவது ஜனநாயகத்துக்கு நல்லது என்றது நீதிமன்றம். அமெரிக்காவின் 1946-ஆம் ஆண்டு நிர்வாக நடைமுறைச் சட்டம்போல இங்கும் ஒரு பொதுச் சட்டம் கொண்டுவர நாடாளுமன்றத்துக்குப் பரிந்துரைத்தது. அந்தச் சட்டம் வரவில்லை. சில அமைப்புகள் தாங்களே முன்வந்து விதி வகுத்துக்கொண்டன. திவால் வாரியம் 2018-இலும், செபியும் ரிசர்வ் வங்கியும் 2025-இலும் தங்களுக்கான நடைமுறைகளை எழுதின. பொதுவாக 21 நாள் அவகாசம். எண்ணிக்கையில் ஏராளமான விதிகளை எழுதும் அமைச்சகங்களுக்கு 2014-இன் பலமற்ற கொள்கைதான் இன்னும்.

ஒன்றைக் கவனிக்காமல் போக முடியாது. இந்த வழக்கில் வெளிப்படைத்தன்மை என்ற ஆயுதம் உதவியது நுகர்வோருக்கு அல்ல, நிறுவனங்களுக்கு. வழக்காடும் வசதி உள்ளவரே முதலில் அதைப் பயன்படுத்துவார் என்பது எதிர்பார்க்கக் கூடியதுதான். டிராய் தன் பக்கக் காரணங்களை ஒழுங்காக எழுதி வைத்திருந்தால் நுகர்வோருக்குச் சாதகமான விதி பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது. காரணம் எழுதுவது கருத்துச் சொன்னவருக்குச் செய்யும் மரியாதை மட்டுமில்லை, விதிக்கே காப்பு.

இதற்கு நேர் எதிரான திசையிலும் அரசு போயிருக்கிறது. 2025 ஜனவரி 3 அன்று மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்பு வரைவு விதிகள் வெளியானபோது விளக்கக் குறிப்பு இருந்தது, கெடுவும் பிப்ரவரி 18-இலிருந்து மார்ச் 5 வரை நீட்டிக்கப்பட்டது. ஆனால் அனுப்பும் கருத்துகள் நம்பிக்கையின் பேரில் காக்கப்படும், யாருக்கும் எந்தக் கட்டத்திலும் வெளியிடப்படாது என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. தயக்கமின்றிக் கருத்துச் சொல்ல இது உதவும் என்பது அரசின் விளக்கம். தனிநபர்களின் முகவரியை மறைப்பதில் நியாயம் உண்டு. 2015-இல் டிராய் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மின்னஞ்சல் முகவரிகளோடு கருத்துகளை அப்படியே வெளியிட்டுச் சிக்கலில் மாட்டியது. ஆனால் ஒரு பெருநிறுவனம் எந்த விதியை எப்படி மாற்றச் சொன்னது என்பதையும் சேர்த்து மறைத்தால், 2025 நவம்பரில் வந்த இறுதி விதிகளில் உள்ள மாற்றங்களை யார் கேட்டு வாங்கினார்கள் என்று சரிபார்க்கவே முடியாது.

கதவைத் திறக்காமலே போவது

மோசமான கேட்பைவிட அதிகம் நடப்பது கேட்பே இல்லாமல் போவது. சுற்றுச்சூழல் விதிகளின் 5(4), பொதுநலன் கருதி முன்னறிவிப்பைத் தவிர்க்க ஒன்றிய அரசை அனுமதிக்கிறது. 2020 மார்ச் 28 அன்று இந்த வழியில் ஒரு திருத்தம் வந்தது. சாலை, குழாய்ப் பாதை போன்ற நீளத் திட்டங்களுக்குச் சாதாரண மண் அள்ள முன்னனுமதி வேண்டாம் என்று அதன் 6-ஆம் இனம் சொன்னது. எவ்வளவு மண், எங்கிருந்து, யார் என்ற எந்த வரம்பும் இல்லை.

2024 மார்ச் 21 அன்று நீதிபதிகள் அபய் ஓகா, சஞ்சய் கரோல் அமர்வு அந்த இனத்தை ரத்து செய்தது. பொதுநலன் என்று சொன்னால் போதாது. கேட்காமல் செய்யும் அளவுக்கு என்ன அவசரம் என்று அறிவிக்கையில் காரணம் இல்லை என்றது. நாடே ஊரடங்கில் இருந்தபோது, சாலைப் பணிகளே ஏறத்தாழ நின்றிருந்தபோது, அப்படி என்ன அவசரம் என்பதுதான் நீதிமன்றத்தின் கேள்வி. 5(4)-ஐ எடுத்தாளும் ஒவ்வோர் அறிவிக்கைக்கும் இந்தத் தீர்ப்பு ஒரு கடிவாளம். ஆனால் நாலு வருடம் கழித்து வந்த கடிவாளம். அதற்குள் அள்ளிய மண் அள்ளியதுதான்.

அலுவலகக் குறிப்பாணை இன்னொரு குறுக்கு வழி. குறிப்பாணை என்பது நடைமுறையைத் தெளிவுபடுத்த உள்ளுக்குள் எழுதிக்கொள்வது. அதை வைத்து அறிவிக்கையின் சாரத்தையே மாற்றும்போது 60 நாள், ஆட்சேபணை, பரிசீலனை எல்லாம் காணாமல் போய்விடுகின்றன. 2020 வரைவு இறுதியாகாவிட்டாலும், முன்னனுமதி இல்லாமல் தொடங்கிய திட்டங்களைக் கையாளும் நடைமுறை 2021 ஜூலையில் குறிப்பாணையாக வந்தது இதற்கு ஓர் உதாரணம்.

அடுத்த வரைவு வரும்போது

கருத்து அனுப்ப நினைப்பவர்களும், செய்தி எழுதுபவர்களும் செய்யக்கூடியவை சில:

1. முதல் பத்தியில் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் என்று இருக்கும். அந்தப் பிரிவைத் திறந்து, முன்கூட்டி வெளியிடுவது கட்டாயமா என்று பாருங்கள். கட்டாயம் என்றால் பிற்பாடு நீதிமன்றத்தில் கேட்க ஒரு பிடி இருக்கிறது.

2. வரைவின் நகலைத் தேதியோடு சேமித்து வையுங்கள். இறுதி வந்ததும் இரண்டையும் விதி விதியாக ஒப்பிட்டால், எந்த மாற்றம் யாருக்குச் சாதகம் என்பது பளிச்சென்று தெரியும். வரைவில் வாடையே இல்லாத ஒன்று இறுதியில் முளைத்திருந்தால், அதைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை என்று அர்த்தம்.

3. "இந்த விதியை எதிர்க்கிறோம்" என்று மட்டும் எழுதினால் பரிசீலிக்க அங்கே ஒன்றும் இருக்காது. விதி எண், அதில் என்ன சிக்கல், அது யாரை எப்படிப் பாதிக்கும், மாற்று வாசகம் என்ன என்று நாலு வரி எழுதுங்கள். பதில் சொல்லாமல் தாண்டிப் போவது அப்போது கடினம்.

4. ஒரே கடிதத்தை நூறு பேர் அனுப்புவதைவிட, நூறு பேர் தங்கள் தொழிலில், தங்கள் ஊரில் என்ன ஆகும் என்று ஆளுக்கு அரைப் பக்கம் எழுதுவது மேல்.

5. கெடு முடிந்த பிறகு தகவல் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போது தொடர்புடைய விவரங்களை வெளியிட வேண்டும், பாதிக்கப்படுகிறவர்களுக்கு முடிவின் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று அதன் 4(1) பிரிவே சொல்கிறது. கருத்துகளின் சுருக்க அட்டவணை, ஒவ்வொன்றின் மீதும் துறை எழுதிய குறிப்பு, அமைச்சரவைக் குறிப்பில் 2014 கொள்கையைத் தவிர்க்கக் காட்டிய காரணம் ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். மொத்தமாகக் கேட்டால் மொத்தமாக மறுத்துவிடுவார்கள். தனித்தனியாகக் கேட்டால் ஏதாவது ஒன்றுக்கு "அப்படியொரு ஆவணம் இல்லை" என்று பதில் வரலாம். வழக்குப் போடுகிறவருக்கு அந்த ஒற்றை வரிப் பதிலே நல்ல ஆவணம்.